வெர்லா கடிவாளம் பிடித்த ஊர்வலம்

'கசப்புக் கணவாய்' படம் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சொல்வார்கள். ஓடைக்கரையில் தலைதெறிக்க ஓடிவரும் குதிரை திடீரென்று முன்னங்கால் மடங்கி, தலைகீழாகப் புரண்டு, மேலே இருந்தவனைப் பாறைமேல் வீசும் இடம். 'யப்பா, என்னமாய் எடுத்திருக்கிறான் மனுஷன்' என்று வாயைப் பிளப்பார்கள். பிளக்கட்டும். வீசப்பட்டவன் பெயர் லைமன் பிக்ஸ்பி. படத்தின் முதலிலும் கடைசியிலும் ஓடுகிற பெயர்களில் அவன் பெயர் இல்லை. அவன் அக்கா வெர்லாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆர்டித் குளோவர். எங்கள் ஊர் ஜூனிபர் வாஷுக்கு வந்த சினிமாக் கம்பெனி அத்தனைக்கும் பீன்ஸ் வேகவைத்து, ஆட்டுக்கறி வறுத்துப் போட்டவள். வெர்லாவுக்கும் எனக்கும் பாவாடை கட்டின நாளிலிருந்து சிநேகம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இந்த ஊரில் உண்மை பேசினால் அப்படித்தான் சொல்வார்கள்.

வெர்லாவுக்குக் குதிரைதான் பிழைப்பு. திரையில் கதாநாயகி கூந்தல் பறக்க மலைச்சரிவில் இறங்குகிறாள் என்றால், முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். அந்த அகலமான முதுகு எங்கள் வெர்லாவுடையது. பொய்க் கூந்தலை மாட்டிக்கொண்டு, மெலிந்த நடிகைகளின் உடுப்புக்குள் மூச்சை அடக்கித் திணித்துக்கொண்டு எத்தனையோ படத்தில் ஓட்டினாள். அம்மா அப்பா போன பிறகு தம்பி லைமனை வளர்த்தது அந்தச் சவாரிதான். அவனும் வளர்ந்து அவளோடு சேர்ந்து ஓட்டினான். இருவருக்கும் சாக் என்று ஒரு செம்பழுப்புக் குதிரை, பெற்ற பிள்ளை மாதிரி.

படத்தை எடுத்த டைரக்டர் ராய்ஸ் கெண்ட்ரிக் அதற்கு முன்னால் நாலைந்து மலிவுப் படம் எடுத்து, ஒன்றும் ஓடாமல், கடைசி வாய்ப்பாக இங்கே வந்தவர். குதிரை விழுவதைப் பார்த்து ஜனங்கள் அலற வேண்டும் என்பது அவர் ஆசை. விழப் பழக்கிய குதிரையை வைத்து, மணல் நிரப்பிய குழியில் விழவைத்துத்தான் அப்போதெல்லாம் எடுப்பார்கள். ஓட்டுபவன் கடிவாளத்தை வலப்பக்கம் இழுத்துச் சாய்ந்தால் குதிரையும் சாயும். யாருக்கும் அடி படாது. ஆனால் அது பார்க்கச் சாதுவாக இருக்கிறதாம். அதற்கு முந்தைய காலத்தில் தரையோடு கம்பி கட்டிக் குதிரையை இடறிவிடுவார்கள். அப்படிச் செத்த குதிரைகள் ஏராளம். அதனால் கம்பி கட்டக் கூடாது என்று தடை வந்து பல வருஷம் ஆகியிருந்தது. தடையைக் கவனிக்க ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் ஒரு ஆள் வருவார்.

அன்று காலை அந்த ஆள் என் கூடாரத்தில் உட்கார்ந்து பேன்கேக் தின்றுகொண்டிருந்தார். 'இன்னிக்கு வெறும் பேச்சுக் காட்சிதான் சார், வெயில்ல வந்து என்ன பண்ணப் போறீங்க' என்று சொல்லி அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள். லைமனிடம் கெண்ட்ரிக் சொன்னது என்னவென்றால், 'சும்மா வேகமாக் கடந்து போப்பா, வேற ஒண்ணும் வேண்டாம்.' புதருக்குள் கம்பி முறுக்கிக் கட்டியிருந்தது அவனுக்குத் தெரியாது. விழப்போகிறவனுக்குத் தெரிந்தால் முகத்தில் பயம் நிஜமாக வராதாம். அடப்பாவி.

சாக் அங்கேயே கழுத்து முறிந்து செத்தது. லைமனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வெர்லா மற்றக் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றிருந்தாள். ஓடிவந்து பார்த்தபோது சாக்கின் காலில் கம்பி வெட்டி இறங்கியிருந்ததைக் கண்ணால் கண்டாள். தம்பியை வண்டியில் ஏற்றிவிட்டு ஷெரிப்பை அழைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் கம்பியும் இல்லை, சாக்கும் இல்லை. சுத்தமாக வாரிக்கொண்டு போயிருந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. எங்கள் சபையில் மது, புகையிலை, காபி, தேநீர் நான்கும் விலக்கு. ஒருவன் குடித்தான் என்று பெயர் வாங்கினால் அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். அடிபட்டவனுக்குப் பிஷப் வந்து தலையில் எண்ணெய் தொட்டு ஆசீர்வாதம் சொல்வது வழக்கம். அன்றே பிஷப் ஹைரம் கோல் எண்ணெய்ச் சீசாவோடு வந்து குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார். லைமனின் வாயில் விஸ்கி நாற்றம்.

"என்ன வாடை இது?" என்றார்.

"வலிக்கு ஊத்துனது பிஷப். கம்பெனி ஆளுதான் ஊத்துனான், வண்டியில ஏத்துமுன்ன எலும்பைச் சேத்துக் கட்டுறப்ப. நான் பக்கத்துலயே நின்னேன்" என்றாள் வெர்லா.

"தம்பின்னா அக்கா அப்படித்தாம்மா சொல்லுவா" என்று சீசாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். விஸ்கி என்பது மருந்துப் பெட்டியில்கூட இருக்கக்கூடிய பொருள் என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றவே இல்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் யாரும் இதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிஷப் சொன்னது கெண்ட்ரிக் காதுக்குப் போனது. கம்பி வெளியே தெரிந்தால் படத்துக்கே ஆபத்து என்று தவித்துக்கொண்டிருந்தவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. 'பாவம், நல்ல பையன். குடித்துவிட்டுக் குதிரையில் ஏறிவிட்டான்' என்று பத்திரிகைக்குச் சொன்னார். அவர் ஊரில் அது வேடிக்கைப் பேச்சு. எங்கள் ஊரில் அது ஒரு மனுஷனை உயிரோடு புதைக்கிற பேச்சு.

லைமன் மூன்றாவது குளிர்காலம் வரை கிடந்தான். ஜன்னல் பக்கம் கட்டில். ஊர்க்காரர்கள் அந்த ஜன்னலுக்கு எதிர்ப்புறமாக நடந்து போனார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றாலே ஏழு வீட்டிலிருந்து பாத்திரம் வருகிற ஊர் இது. அவனுக்கு என் பாத்திரம் மட்டும்தான் போனது. எங்கள் சபையில் நல்ல பெயரோடு சாகிறவர்களை வெள்ளுடை உடுத்திப் புதைப்போம். மறுமையில் எழுந்திருக்கும்போது அந்த உடையோடு எழ வேண்டும் என்பது நம்பிக்கை. கடைசி வாரத்தில் லைமன் கேட்டது அது ஒன்றுதான்.

"அக்கா, எனக்கு வெள்ளை குடுப்பாங்களா?"

வெர்லா பிஷப் வீட்டுக்கு நடந்து போனாள். நானும் கூடப் போனேன். வாசலிலேயே நிறுத்தி, "சகோதரி, என் கையில என்ன இருக்கு? ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார். லைமனைக் கட்டம் போட்ட சட்டையிலும் நீலக் கால்சட்டையிலும் புதைத்தோம். குழி தோண்ட ஒரு ஆண்பிள்ளை வரவில்லை. வெர்லாவும் நானும்தான் தோண்டினோம்.

மண்ணைத் தள்ளி முடித்ததும் வெர்லா சொன்னாள்: "அந்த ஆளு இந்த ஊருக்கு நடுவுல நின்னு கம்பின்னு சொல்லணும் ஆர்டித். என் தம்பி குடிக்கலைன்னு அவன் வாயாலயே சொல்லணும். அதுவரைக்கும் நான் சாக மாட்டேன்."

படமோ, லைமன் கட்டிலில் கிடக்கும்போதே வெளிவந்து ஓடியது. ஓடியது என்றால் பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த ஒரு காட்சிக்காகவே கேமரா பிடித்தவருக்குப் பெரிய பரிசு. அவர் பின்னாளில் பற்பசை விளம்பரம் எடுத்துச் சம்பாதித்தார். கதாநாயகன் தொலைக்காட்சியில் வாரத்துக்கு ஒரு கெட்டவனைச் சுட்டுப் பண்ணை வாங்கி, தொப்பையும் வளர்த்தான். கதை எழுதியவர் குடித்தே செத்தார். அவரைக் குடிகாரர் என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, மேதை என்று எழுதினார்கள். கெண்ட்ரிக் அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் ஒன்றைவிட ஒன்று சப்பை. ஆனாலும் அவர் போகிற கல்லூரியில் எல்லாம் ஓடைக்கரைக் காட்சியைப் போட்டுக் காட்டி, 'எப்படி எடுத்தீர்கள்' என்று கேட்பார்களாம். 'பொறுமை' என்பாராம். இதை வாசித்த அன்று நான் பத்திரிகையை அடுப்பில் போட்டேன்.

வெர்லா கத்தவும் இல்லை, யாரையும் சபிக்கவும் இல்லை. எங்கள் ஊரில் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கிற திறந்தவெளி அரங்கில் அந்தப் படம் வரும்போதெல்லாம் லாரியை நிறுத்திக்கொண்டு பார்ப்பாள். ஓடைக்கரை வரும். ஜனங்கள் கை தட்டுவார்கள். தட்டுகிறவர்கள் யார் யார் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அப்புறம் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாள்.

படம் வெளிவந்த இருபதாவது வருஷம். எங்கள் முன்னோர் வண்டி கட்டி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்ததை ஜூலை இருபத்துநாலில் ஊர்வலம் விட்டுக் கொண்டாடுவோம். அந்த வருஷ ஊர்வலத்துக்குத் தலைமை விருந்தாளி ராய்ஸ் கெண்ட்ரிக். கூப்பிட்டது கோல். பிஷப் பதவியை விட்டு இறங்கி எவ்வளவோ காலம் ஆனாலும் ஊர் அவரைப் பிஷப் என்றுதான் கூப்பிடும். எழுபதைத் தாண்டியவர், ஊர்வலக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். வெர்லா வீட்டு வேலிக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றினார்.

"கெண்ட்ரிக் சார் குதிரை மேல வரணும்னு ஆசைப்படுறார்மா. வயசானவர். சாதுவான வெள்ளைக் குதிரையா ஒண்ணு வேணும்."

"தர்றேன். கடிவாளம் மட்டும் நான்தான் பிடிப்பேன்" என்றாள் வெர்லா.

கோலுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா ஆர்டித், காலம் எல்லாத்தையும் ஆத்திருது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். வெர்லா இப்படி இளகுகிறவள் இல்லை.

கொட்டிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். குழி தோண்டி மணல் நிரப்பியிருந்தாள். ஒரு வெள்ளை இளங்குதிரையையும் வாங்கிக் கட்டியிருந்தாள்.

"என்னடி பண்ணப் போற? தார் ரோட்டுல விழவைக்கப் போறியா? கிழவன் செத்துருவான்டி."

"அதுக்குத்தான் வாங்குனேன்" என்றாள். குதிரையின் கழுத்தைத் தடவினாள். "முடியல ஆர்டித். இதோட தலையை வலப்பக்கம் இழுக்கப் போனேன். சாக் ஞாபகம் வந்துருச்சு. குதிரை என்னடி பாவம் பண்ணுச்சு."

"அப்ப ஊர்வலத்துக்கு எதைக் கூட்டிட்டுப் போவ?"

"டீக்கனை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீக்கன் வைக்கோல் வண்டி இழுக்கிற கிழட்டு வெள்ளைக் குதிரை. வலது முன்முழங்காலில் வாதம். ஏழெட்டு அடிக்கு ஒருதரம் அந்தப் பக்கத் தோள் ஒரு முழம் இறங்கி ஏறும். "அதை வச்சு என்னடி கிழிக்கப் போற?" என்றேன்.

"தோள் இறங்குதில்ல, அது போதும். நீ மறுபக்கம் நடந்து வா. மூஞ்சிய மட்டும் சிரிக்காம வச்சுக்கோ" என்றாள்.

அன்றைக்கு வெயிலில் தார் இளகிக் கிடந்தது. நாங்கள் பெண்கள் எல்லாம் முன்னோர் காலத்து நீளப் பாவாடையும் துணித்தொப்பியும் போட்டிருந்தோம். கெண்ட்ரிக் வெள்ளைத் தலையும் வெள்ளி பதித்த இடுப்புப்பட்டையுமாக டீக்கன் மேல் ஏறி உட்கார்ந்தார். வெர்லாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஜனங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே வந்தார். தபால் ஆபீசைத் தாண்டியதும் வெர்லா நிமிர்ந்து பார்க்காமல் பேச ஆரம்பித்தாள்.

"சார், நான் லைமன் பிக்ஸ்பியோட அக்கா."

அசைத்த கை ஒரு கணம் நின்றது. "ஓ. ரொம்ப வருத்தமான விஷயம்மா அது" என்றார்.

"நீங்க உக்காந்திருக்கிறது விழப் பழக்குன குதிரை. வலப்பக்கம் கடிவாளத்தைச் சுண்டுனா சாயும். உங்களுக்குத் தெரியாததா."

"என்ன விளையாட்டு இது?"

அந்த நேரம் பார்த்து டீக்கனின் தோள் ஒரு முழம் இறங்கி ஏறியது. கெண்ட்ரிக் சேணத்துக் கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்கக் குதிரைப் படம் எடுத்தவருக்கு வாதத்துக்கும் பழக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரியும். ஆனால் உப்பைத் தின்னவனுக்கு எங்கே பார்த்தாலும் தண்ணீர்தானே தெரியும்.

"கீழ தார். மணல் இல்ல" என்றாள் வெர்லா. "குதிரை எழுந்திரிச்சிரும். உங்க கால் அதுக்கு அடியில இருக்கும். இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இருக்காது. என் தம்பி மாதிரி."

"இத்தனை பேர் பாக்குறாங்க. செய்ய மாட்டே."

"அன்னிக்கும் நிறையப் பேர் பாத்தாங்க."

மறுபடி தோள் இறங்கியது. "நிறுத்து. ஐயோ, நிறுத்தும்மா. என்ன வேணும் உனக்கு?" கிழவருக்கு முகம் வெளுத்துவிட்டது. வாய் மட்டும் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தது. சினிமாக்காரர் அல்லவா.

"பேங்க் முனையில மைக் வச்சிருக்காங்க. கம்பின்னு சொல்லணும். அவன் குடிக்கலைன்னு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் குதிரை மேலதான் இருப்பீங்க, கடிவாளம் என் கையிலதான் இருக்கும்."

பேங்க் முனையில் கோல் மைக்கை அவர் வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஊரே நின்றது. கெண்ட்ரிக் தொண்டையைச் செருமினார், வானத்தைப் பார்த்தார். வெர்லா கடிவாளத்தை ஒரு விரலால் லேசாகச் சுண்டினாள். டீக்கன் பாவம், கால் மாற்றி நின்றது.

"அந்த ஓடைக்கரைக் காட்சி..." என்றார். "அதுல கம்பி கட்டியிருந்தோம். நான்தான் கட்டச் சொன்னேன். அந்தப் பையனுக்குத் தெரியாது. அவன் குடிக்கல. அடிபட்டப்புறம்தான் எங்க ஆளு வாயில ஊத்துனான். குடிச்சிருந்தான்னு நான் சொன்னது பொய்."

நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை, கோலைத்தான் பார்த்தேன். மைக்கைப் பிடித்திருந்த கை தானாக இறங்கியது.

வெர்லா கெண்ட்ரிக்கைத் தானே தாங்கி இறக்கினாள். அவர் காதருகில் சொன்னது எனக்குக் கேட்டது. "இது வைக்கோல் வண்டிக் குதிரை சார். முட்டியில வாதம். விழவே தெரியாது இதுக்கு."

அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே நான் இன்னொரு இருபது வருஷம் அடுப்படியில் வெந்திருப்பேன். "ஏமாத்திட்டே" என்றார்.

"பொறுமை சார்" என்றாள் வெர்லா.

பத்திரிகைக்காரர்கள் அன்று சாயங்காலமே எழுதினார்கள். கல்லூரிகளில் அவரைக் கூப்பிடுவது நின்றது. கெண்ட்ரிக்கின் கதை எங்களுக்கு அதோடு முடிந்தது. வெர்லாவுக்கு இன்னொரு ஆள் பாக்கி.

மறுநாள் கோல் வந்தார். பின்னால் சபைப் பெண்கள், ஆளுக்கொரு மூடின பாத்திரம். லைமன் கிடந்தபோது வராத பாத்திரம் அத்தனையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தது. வெர்லா கொட்டில் வாசலை மறித்து நின்றாள்.

"தப்பு நடந்துபோச்சு சகோதரி" என்றார் கோல். "சபையில லைமன் பேரைத் திருப்பி எழுதிருவோம். ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"எழுதிக்கோங்க. அவன் கேட்டது அது இல்ல."

"பின்ன?"

"வெள்ளை கேட்டான். உடுத்தி விடுங்க."

கோலுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டார். "வெர்லா, அவன் மண்ணுக்குள்ள போய் எத்தனை காலம் ஆச்சு. உடுத்த அங்க என்னம்மா இருக்கும்?"

"உடம்பு இல்லாட்டி பெட்டி மேல விரிச்சு வைப்பீங்கல்ல? சுரங்கத்துல செத்தவங்களுக்கு அப்படித்தான் செஞ்சீங்க. நீங்களே தோண்டி நீங்களே விரிங்க."

"சரி. துணி தைக்கச் சொல்றேன்."

"தைக்க வேண்டாம்" என்றாள் வெர்லா. "உங்களுக்குன்னு தைச்சு அலமாரியில மடிச்சு வச்சிருக்கீங்கல்ல. அதைக் கொண்டு வாங்க."

பெண்களில் ஒருத்தி 'அம்மாடி' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் ஊரில் வயதானவர்கள் தங்கள் வெள்ளுடையைத் தாங்களே தயார் செய்து வைத்திருப்பார்கள். கோலுடையதை அவர் மனைவி சாகும் முன்னால் தன் கையால் தைத்து வைத்திருந்தாள். அது வெர்லாவுக்கும் தெரியும். ஈவிரக்கம் இல்லையா என்று அன்று பலர் கேட்டார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கோல் கொண்டு வந்தார். மாவட்ட ஆபீசில் அனுமதியும் வாங்கி வந்தார், அதைச் சொல்ல வேண்டும். காலையில் தோண்ட ஆரம்பித்தவர் வெயில் ஏற ஏறச் சட்டையெல்லாம் நனைந்து, மண்வெட்டியை ஊன்றி ஊன்றி நின்றார். அவர் மகன் வேலி தாண்டி வந்து மண்வெட்டியை எடுத்தான்.

"கீழ வைப்பா அதை" என்றாள் வெர்லா. அவன் அப்பாவைப் பார்த்தான். கோல் தலையசைத்தார். அவன் கீழே வைத்துவிட்டான்.

மத்தியானம் தாண்டிப் பலகை தட்டுப்பட்டது. நடுவில் உளுத்து உள்வாங்கியிருந்தது. கோல் கையால் மண்ணை வழித்துத் துடைத்தார். கைகளைக் கழுவத் தண்ணீர் கேட்டார், நான் ஊற்றினேன். வெள்ளுடையை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்த இடத்தில் எது வர வேண்டுமோ அந்த இடத்தில் விரித்து வைத்தார். சட்டைக் கழுத்தில் அவர் மனைவி போட்டிருந்த சிறு பூத்தையல் தெரிந்தது. அதைத் தடவிக்கொண்டு குழிக்குள் மண்டியிட்டபடியே அழுதார். ஜெபம் சொன்னார். இருபது வருஷத்துக்கு முன்னால் சீசாவை மூடிக்கொண்டு போனதால் நின்றுபோன ஆசீர்வாதத்தையும் சேர்த்தே சொன்னார். வெர்லா கண்ணை மூடவில்லை. முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி மண் தள்ளி மூடி, கோல் மேலே ஏறி வந்து உட்கார்ந்தார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"இப்பவாவது மனசு ஆறுச்சா வெர்லா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள். "எந்திரிச்சு மண்ணை நல்லா மிதிங்க. மழை பெய்ஞ்சா உள்ள இறங்கும்."